வீட்டுப் பாதுகாப்புக் கமராவின் வைஃபை இணைப்பு அடிக்கடி அறுந்தால்

வேலைத்தளத்தின் மதிய இடைவேளையில் கைத்தொலைபேசியைத் திறந்து, வீட்டில் தனித்திருக்கும் பெற்றோர் நலமாக உள்ளனரா என்று ஒரு கணம் பார்த்துக்கொள்வது மேற்குச் சிட்னியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்று வழக்கமாகிவிட்டது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஊருக்குப் புறப்படுவோர் பூட்டிய வீட்டை வாரக்கணக்கில் ஒரு சிறு கமராவின் பொறுப்பிலேயே விட்டுச் செல்கின்றனர். அவ்வாறு நம்பியிருக்கும் வேளையில் திரையில் ‘ஆஃப்லைன்’ என்ற ஒரு சொல் மட்டும் தோன்றுமாயின் மனம் பதறுவது இயல்பே. அதைவிடக் கவலைக்குரியது வேறொன்று உண்டு: இணைப்பு நான்கு நாட்களுக்கு முன்னரே அறுந்திருக்க, அதனை வீட்டார் எவரும் கவனியாதிருப்பது.

இவ்வாறு நேரும்போது கமரா பழுதாகிவிட்டது என்று கருதிப் புதியதொன்றை வாங்குவோர் பலர். புதிய கமராவும் அதே இடத்தில் மாட்டப்பட்டு, இரண்டாம் வாரத்தில் அதே குறையைக் காட்டும். கமராவை மாற்றினாலும் சுவர் மாறுவதில்லை. பெரும்பாலான வீடுகளில் குறை கமராவில் இல்லை. கமராவுக்கும் ரவுட்டருக்கும் இடைப்பட்ட வெளியிலோ, மின்வழங்கலிலோ, ரவுட்டரின் அமைப்பிலோதான் உள்ளது. பணம் செலவிடுவதற்கு முன்னர் குறை எங்குள்ளது என்பதைக் கண்டறியும் வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது. இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு ஒரு கைத்தொலைபேசியும் சிறிது பொறுமையும் போதும்.

எந்தப் பகுதியில் அறுகிறது?

வாசலில் உள்ள கமராவின் காட்சி வீட்டாரின் கையை வந்தடைவதற்கு மூன்று பகுதிகளைக் கடக்கிறது. முதலாவது, கமராவிலிருந்து ரவுட்டர் வரையுள்ள வைஃபை. இரண்டாவது, ரவுட்டரிலிருந்து என்பிஎன் இணைப்பு வழியாகக் கமரா நிறுவனத்தின் கணினிகள் வரையுள்ள பாதை. மூன்றாவது, அங்கிருந்து பார்ப்பவரின் தொலைபேசி வரையுள்ள இணைப்பு. இம்மூன்றில் எது அறுந்தாலும் செயலி அநேகமாக ஒரே செய்தியைத்தான் காட்டும். ஆகவே அச்செய்தியை மட்டும் கொண்டு எதனையும் முடிவு செய்ய இயலாது.

கமரா ‘ஆஃப்லைன்’ என்று காட்டும் வேளையில் வீட்டிலிருப்பவர் ஒருவர் தமது தொலைபேசியை வீட்டு வைஃபையில் இணைத்து, ஏதேனுமொரு புதிய காணொளியைத் திறந்து பார்க்க வேண்டும். அது தடையின்றி ஓடுமாயின் வீட்டின் இணையம் நலமாக உள்ளது. குறை முதலாவது பகுதியில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். காணொளியும் திறக்கவில்லையெனில் கமராவைத் தொட வேண்டியதில்லை. ரவுட்டரையும் என்பிஎன் பெட்டியையும் கவனித்து, பின்னர் இணையச் சேவை வழங்குநரைத் தொடர்புகொள்ள வேண்டும். இரண்டு கமராக்கள் உள்ள வீடுகளில் மேலும் எளிதாகத் தெரிந்துகொள்ளலாம். இரண்டும் ஒரே நேரத்தில் மறைந்தால் ரவுட்டரையோ இணையத்தையோ ஐயுற வேண்டும். ஒன்று மட்டும் மறைந்தால் அது மாட்டப்பட்டுள்ள இடத்தை அல்லது அதன் மின்வழங்கலை ஐயுற வேண்டும்.

அடுத்த சோதனை இன்னும் பயனுள்ளது. ஆயினும் பலரும் செய்வதில்லை. கமராவைக் கழற்றி, ரவுட்டர் உள்ள அறையிலேயே அதன் சொந்த அடப்டருடன் ஒரு நாள் முழுவதும் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே ஒருமுறையேனும் அறுபடாமல் இயங்குமாயின் கமராவில் குறையில்லை. மாட்டிய இடமே குறை. அங்கும் அறுபடுமாயின் அடப்டர், ரவுட்டரின் அமைப்பு, கமராவின் மென்பொருள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒரு நாள் காத்திருக்கும் இச்சோதனை, தேவையற்ற கருவிகளை வாங்கும் செலவைப் பெரும்பாலும் தவிர்த்துவிடும்.

அறுபடும் நேரத்தைக் குறித்தல்

ஒரு தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி, இணைப்பு அறுபடும் நேரங்களை ஒரு வாரத்துக்குக் குறித்து வருவது நன்று. நேரத்தில் ஓர் ஒழுங்கு தென்படுமாயின் காரணமும் விரைவில் புலப்படும்.

இருள் சூழ்ந்த பின்னரே அறுபடுகிறதா? அவ்வாறாயின் மின்வழங்கலை முதலில் பார்க்க வேண்டும். இரவில் கமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்குவதால் அதற்குத் தேவையான மின்னோட்டம் கூடுகிறது. பகலில் போதுமானதாக இருந்த பழைய தொலைபேசி அடப்டர் இரவில் போதாமற்போகும். கமரா அணைந்து மீண்டும் இயங்கத் தொடங்கும். பார்ப்பவருக்கு இது வைஃபை அறுபட்டதாகவே தோன்றும். பெட்டியில் வந்த அடப்டரையே பயன்படுத்த வேண்டும். அது தொலைந்திருந்தால், கமராவின் மீது அச்சிடப்பட்டுள்ள வோல்ட் அளவுக்குச் சரியாக ஒத்ததும், அம்பியர் அளவில் குறையாததுமான ஒன்றை வாங்க வேண்டும். மெல்லிய, நீண்ட யூஎஸ்பி வயரும் இதே குறையை உண்டாக்கும். வயர் நீள நீள அதன் மறுமுனையில் கிடைக்கும் மின்னழுத்தம் குறைந்துகொண்டே செல்லும்.

கோடைப் பிற்பகல்களில் மட்டும் அறுபடுமாயின் வெப்பம் காரணமாகலாம். வெளிப்புறக் கமராக்கள் பலவற்றின் இயங்கு வெப்பநிலை எல்லை ஏறக்குறைய 50 பாகை செல்சியஸ் ஆகும். 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் பதிவான வெப்பநிலை 48.9 பாகை. அத்தகைய நாளில் மேற்குச் சுவரில் நேரடி வெயிலில் தொங்கும் கறுப்பு நிறக் கமராவின் உட்புறம் அவ்வெல்லையை எளிதில் கடந்துவிடும். கூரை விளிம்பின் நிழலுக்கு அதனை நகர்த்துவதே போதுமான தீர்வு.

மாலை ஏழு மணி முதல் பத்து மணிக்குள் அறுபட்டால் அயல் வீடுகளின் வைஃபை நெரிசலும், தமது வீட்டிலேயே ஒரே வேளையில் பலர் இணையத்தைப் பயன்படுத்துவதும் காரணமாகலாம். உணவைச் சூடாக்கும் ஓரிரு நிமிடங்களில் மட்டும் காட்சி உறைந்து நின்றால் மைக்ரோவேவ் அடுப்பைச் சந்தேகிக்கலாம், அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அளவிலேயே இயங்குகிறது. மழை பெய்யும்போது வீட்டின் இணையம் முழுவதுமே அறுபடுமாயின், பழைய செப்புத் தொலைபேசிக் கம்பி வழியாக என்பிஎன் பெறும் வீடுகளில், நிலத்தடி இணைப்புகளில் ஈரம் புகுந்திருக்கக் கூடும். அதனை வீட்டார் திருத்த இயலாது. மழை நாட்களின் திகதிகளைக் குறித்துவைத்துச் சேவை வழங்குநரிடம் முறையிட வேண்டும்.

சுவரும் தகடும்

மேற்குச் சிட்னியில் காணப்படும் வீடுகளின் அமைப்பை அறியாமல் இச்சிக்கலைப் புரிந்துகொள்வது கடினம். வெளியே ஒற்றைச் செங்கல் வரிசை, உள்ளே மரச்சட்டம், அதன்மேல் ஜிப்சம் பலகை என்பதே இங்குள்ள பெரும்பாலான வீடுகளின் சுவர். இப்பலகையை வைஃபை எளிதில் கடக்கும். செங்கல்லையும் ஓரளவு கடக்கும். ஆனால் வெப்பத்தைத் தடுப்பதற்காகச் செங்கல்லுக்கும் மரச்சட்டத்துக்கும் இடையே அலுமினியத் தாள் விரிக்கப்பட்ட வீடுகள் பல உள்ளன. அத்தாள் வெப்பத்தைத் திருப்பி அனுப்புவது போலவே வானொலி அலைகளையும் திருப்பி அனுப்பும். வரவேற்பறையில் முழு வலிமையுடன் கிடைக்கும் வைஃபை, ஓர் அடி தள்ளி வெளிச்சுவரில் மாட்டிய கமராவுக்கு ஏன் கிடைப்பதில்லை என்று வியப்போருக்கு விடை பெரும்பாலும் சுவரின் உள்ளேதான் இருக்கிறது.

பூச்சி, திருடர் ஆகிய இரண்டுக்கும் எனப் பொருத்தப்படும் துருப்பிடிக்காத எஃகு வலைக்கதவும் அவ்வாறே. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர். வலையின் கண்களோ மில்லிமீற்றர் அளவினவே. அலைக்கு அது கிட்டத்தட்ட ஒரு முழுத் தகடாகவே அமையும். தகடாலான கராஜ் கதவு, கண்ணாடி பதித்த அலுமாரி, குளிர்சாதனப் பெட்டி, வெந்நீர்த் தொட்டி, பெரிய மீன்தொட்டி ஆகியனவும் தடைகளே. இவற்றுள் ஒன்று ரவுட்டருக்கும் கமராவுக்கும் இடையே நேர்கோட்டில் இருந்தால், ரவுட்டரை இரண்டு அடி நகர்த்துவதுகூடப் பெரும் மாற்றத்தைத் தரலாம்.

புதிய குடியிருப்புப் பகுதிகளில் வேறொரு சிக்கல் உண்டு. ஒளியிழை இணைப்பு நேரடியாக வரும் அவ்வீடுகள் பலவற்றில் என்பிஎன் பெட்டி கராஜினுள், சில வேளைகளில் சுவரில் பதித்த ஓர் உலோகப் பெட்டகத்தினுள் பொருத்தப்பட்டிருக்கும். அழகுக்காகவும் வசதிக்காகவும் ரவுட்டரையும் அதனுள்ளேயே வைத்துக் கதவை மூடிவிடுகின்றனர். உலோகப் பெட்டகத்தில் அடைபட்ட ரவுட்டர், பானைக்குள் வைத்த விளக்குக்கு ஒப்பானது. இவ்வீடுகளின் அறைச் சுவர்களில் பெரும்பாலும் இணையக் கேபிள் செருகும் துளைகள் முன்னரே அமைந்திருக்கும். பெட்டகத்தில் உள்ள என்பிஎன் பெட்டியிலிருந்து வரவேற்பறைத் துளைக்குச் செல்லும் இணைப்பில் ஒரு சிறு கேபிளைச் செருகி, ரவுட்டரை வரவேற்பறைக்குக் கொண்டுவரலாம். பத்து டொலருக்கு உட்பட்ட ஒரு கேபிள் செய்யும் இப்பணியை விலையுயர்ந்த புதிய ரவுட்டர் ஒன்று அப்பெட்டகத்தினுள் இருந்து செய்துவிடாது.

ரவுட்டர் வீட்டின் நடுப்பகுதியில், மார்பளவு உயரத்தில், திறந்த வெளியில் இருப்பதே சிறந்தது. தொலைக்காட்சியின் பின்புறமும் தரையும் அதற்கு உகந்தவையல்ல.

சமிக்ஞையின் வலிமையை எண்ணால் அறிதல்

பெரும்பாலான கமராச் செயலிகளில், கருவி பற்றிய தகவல் பகுதியில் வைஃபை சமிக்ஞையின் வலிமை காட்டப்படும். சிலவற்றில் அது கோடுகளாகவும், சிலவற்றில் −58, −74 போன்ற எண்ணாகவும் இருக்கும். இவ்வெண்ணின் அலகு டிபிஎம். எண் பூச்சியத்தை நெருங்க நெருங்கச் சமிக்ஞை வலிமையானது. −50 மிக நன்று. −65 வரை கவலையில்லை. −70ஐத் தாண்டினால் காட்சி தடைப்படத் தொடங்கும். −80 என்றால் இணைப்பு நிலைக்காது. இவ்வளவையில் ஒவ்வொரு 10 எண் வேறுபாடும் வலிமையில் பத்து மடங்கு வேறுபாட்டைக் குறிக்கும். எனவே −60க்கும் −80க்கும் இடையிலுள்ள வேறுபாடு நூறு மடங்கு.

செயலியில் எண் காட்டப்படாவிடின், கமரா உள்ள இடத்தில் கைத்தொலைபேசியை வைத்து வேகச் சோதனை செய்யலாம். அங்கே கவனிக்க வேண்டியது பதிவேற்ற வேகத்தையே. நாம் வழக்கமாக விளம்பரங்களில் காணும் பெரிய எண் பதிவிறக்க வேகம். கமராவோ காட்சியை வெளியே அனுப்பும் கருவி. சாதாரண முழு எச்டி தரத்துக்கு ஒரு கமராவுக்கு ஏறக்குறைய 2 மெகாபிட் பதிவேற்ற வேகம் தேவை. 4கே தரத்துக்கு அதனைப் போலப் பல மடங்கு தேவைப்படும். என்பிஎன் 50 திட்டத்தில் பதிவேற்ற வேகத்தின் உச்ச அளவு 20 மெகாபிட் மட்டுமே. நான்கு உயர்தரக் கமராக்கள் ஒரே வேளையில் காட்சியை அனுப்ப, பிள்ளைகள் இணையவழி வகுப்பில் இருக்க, பாட்டி ஊருடன் காணொளி அழைப்பில் பேசிக்கொண்டிருந்தால் அந்த அளவு விரைவில் தீர்ந்துவிடும். இத்தகைய வீடுகளில் கமராவின் காட்சித் தரத்தை ஒரு படி குறைப்பது, திட்டத்தை உயர்த்துவதற்கு முன்னர் செய்து பார்க்க வேண்டிய செயல். முகத்தை அடையாளம் காண முழு எச்டி தரமே பெரும்பாலும் போதுமானது.

இரண்டு அதிர்வெண்கள், ஒரு பெயர்

இன்றைய ரவுட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரு அதிர்வெண்களில் இயங்குகின்றன. முன்னது தொலைவு செல்லும், சுவரை ஓரளவு ஊடுருவும், ஆனால் வேகம் குறைவு. பின்னது வேகமானது, ஆனால் இரண்டு சுவர்களைக் கடப்பதற்குள் களைத்துவிடும். வீட்டுக் கமராக்கள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கக் கூடியவை. ரவுட்டரோ இரண்டுக்கும் ஒரே பெயரைச் சூட்டி, எந்தக் கருவி எதில் இணைய வேண்டும் என்பதைத் தானே தீர்மானிக்கிறது. இந்த ஏற்பாடு தொலைபேசிகளுக்கு நன்மை பயக்கும். கமராக்களுக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை. முதன்முறை இணைக்க முயலும்போதே தோல்வியடைவதற்கும் அடிக்கடி இது காரணமாகிறது.

இதற்குத் தீர்வு, ரவுட்டரின் அமைப்புப் பகுதியில் இரு அதிர்வெண்களுக்கும் வெவ்வேறு பெயர் கொடுத்துக் கமராவை 2.4 கிகாஹெர்ட்ஸ் பெயரில் இணைப்பது. பெயரைப் பிரிக்க ரவுட்டர் இடமளிக்காவிடின், விருந்தினர் வலையமைப்பை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்குமாறு அமைத்து அதில் கமராவை இணைக்கலாம். கமரா வீட்டுக் கணினிகளிலிருந்து தனித்து நிற்பதால் பாதுகாப்பும் கூடும். ஆயினும் காட்சிகளை வீட்டிலேயே உள்ள பதிவுப் பெட்டிக்கு அனுப்பும் கமராக்களுக்கு இம்முறை பொருந்தாது.

அலைவரிசைத் தேர்வும் அதே பகுதியில் உள்ளது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 ஆகிய மூன்று அலைவரிசைகள். ‘தானியங்கி’ என்பதை நீக்கி, இம்மூன்றில் அயலார் குறைவாகப் பயன்படுத்தும் ஒன்றை நிலையாகத் தெரிவு செய்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என வைப்பது நலம். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இதன் பயன் உடனே தெரியும். இன்னொன்றும் உண்டு. அவுஸ்திரேலியாவில் 12, 13 ஆகிய அலைவரிசைகளும் அனுமதிக்கப்பட்டவை. வட அமெரிக்கச் சந்தைக்காகத் தயாரான கமராக்கள் பல 11 வரையே அறியும். கனடாவிலிருந்து உறவினர் வாங்கி அனுப்பிய கமரா சில நாட்கள் இயங்கிச் சில நாட்கள் வைஃபையையே காணாமல் நிற்குமாயின், ரவுட்டர் தானாக 12 அல்லது 13க்கு மாறியிருப்பது காரணமாகலாம்.

ரவுட்டர் புதிதாக மாற்றப்பட்ட பின்னர் பழைய கமரா இணைய மறுத்தால், பாதுகாப்பு முறை ‘டபிள்யூபிஏ3’ என மட்டும் அமைந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். அதனை ‘டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3’ என மாற்றினால் பெரும்பாலும் இணைந்துவிடும். கடவுச்சொல்லே இல்லாத திறந்த வலையமைப்பாக மாற்றுவது மட்டும் எக்காரணம் கொண்டும் கூடாது.

பற்றரியில் இயங்கும் கமராக்கள்

இவ்வகைக் கமராக்கள் ஆற்றலைச் சேமிக்கப் பெரும்பாலான நேரம் உறங்கிக்கொண்டே இருக்கும். அசைவைக் கண்டாலோ எவரேனும் செயலியைத் திறந்தாலோ மட்டுமே விழித்தெழும். ஆகவே காட்சி வரச் சில வினாடிகள் தாமதமாவது குறையன்று. ஆனால் பற்றரி வழக்கத்தைவிட விரைவாகத் தீர்ந்தால் அது வலிமை குன்றிய வைஃபையின் அறிகுறி; தொலைவிலுள்ள ரவுட்டரை எட்ட முயன்று முயன்றே கமரா ஆற்றலை இழக்கிறது. சூரியத் தகடு பொருத்துவோர் அதனை வடக்கு நோக்கித் திருப்ப வேண்டும். இலங்கையிலும் தமிழகத்திலும் பெற்ற பழக்கத்தால் தெற்கு நோக்கி வைப்போர் உளர். தென்கோளத்தில் அமைந்த சிட்னியில் நண்பகல் வெயில் வடக்கிலிருந்தே விழும்.

கருவி வாங்க நேர்ந்தால்

மேற்கூறியவற்றால் பயனில்லாத வீடுகள் உண்டு. இரண்டு மாடி வீடு, நீண்ட காணி, பின்வளவில் கட்டப்பட்ட சிறு வீடு போன்றவற்றை ஒரே ரவுட்டரால் எட்ட இயலாது. வைஃபை நீட்டிப்புக் கருவி மலிவானது. ஆனால் அதனைக் கமராவின் அருகே மாட்டுவது பரவலாகக் காணப்படும் தவறு. சமிக்ஞை வலிமை குன்றிய இடத்தில் நிற்கும் கருவி அந்த வலிமை குன்றிய சமிக்ஞையையே திருப்பி அனுப்பும். ரவுட்டருக்கும் கமராவுக்கும் நடுவே, வைஃபை இன்னும் நன்றாக உள்ள இடமே அதற்குரியது. பல முனைகளைக் கொண்ட ‘மெஷ்’ அமைப்பு விலை கூடியதாயினும் பெரிய வீடுகளுக்கு ஏற்றது. எனினும் கமரா அருகிலுள்ள முனையை விட்டுத் தொலைவிலுள்ள முனையைப் பற்றிக்கொள்வதுண்டு. அவ்வேளையில் கமராவின் மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுத்தால் அநேகமாக அருகிலுள்ள முனையில் இணையும்.

வைஃபையையே தவிர்த்து, ஒரே கேபிளில் மின்சாரமும் தரவும் பெறும் கமராவைப் பொருத்துவதே மிக உறுதியான வழி. அக்கேபிள் 100 மீற்றர் வரை செல்லும். இங்கே சட்டம் ஒன்றை அறிந்திருத்தல் அவசியம். அவுஸ்திரேலியாவில் சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் நிலத்தடியிலும் நிலையாகப் பதிக்கும் தொலைத்தொடர்புக் கேபிள்களைப் பதிவு பெற்ற கேபிள் பணியாளரே பொருத்த வேண்டும். புதிய மின்செருகிகளை உரிமம் பெற்ற மின்பணியாளரே அமைக்க வேண்டும். கைவேலை தெரிந்த நண்பர் ஒருவர் வார இறுதியில் செய்துதருவது நம்மவரிடையே வழக்கமாயினும், தீ விபத்தோ காப்புறுதிச் சிக்கலோ நேரும்போது அது பெரும் இன்னலாக மாறும். கடையில் வாங்கிய ஆயத்தக் கேபிளைத் தரையோரமாக இட்டுச் செருகுவதற்குத் தடையில்லை. வாடகை வீட்டில் குடியிருப்போர் சுவரைத் துளைப்பதற்கு முன்னர் உரிமையாளரின் எழுத்துமூல அனுமதியைப் பெற வேண்டும். அடுக்குமாடி வீட்டினர் பொதுச் சுவரிலோ நடைபாதையிலோ கமரா பொருத்துவதற்கு முன்னர் உரிமையாளர் கழகத்தின் அனுமதியைக் கேட்டறிய வேண்டும்.

கமராவில் நினைவக அட்டைக்கு இடமிருந்தால் அதனைப் பொருத்திக்கொள்வது நல்லது. கண்காணிப்புப் பதிவுக்கென்றே தயாரான, தொடர்ந்து எழுதுவதைத் தாங்கும் அட்டையைக் கேட்டு வாங்க வேண்டும். இணைப்பு அறுந்த வேளையிலும் கமரா அதில் பதிந்துகொண்டே இருக்கும். திருட்டு நடந்த இரவில் வைஃபை இல்லாமற்போனாலும் மறுநாள் பொலிஸாரிடம் காட்டுவதற்குக் காட்சி மிஞ்சும்.

ஊருக்குப் புறப்படுமுன்

நீண்ட பயணம் செல்வோர் இச்சோதனைகளைப் புறப்படும் நாளன்று அல்லாமல் குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன்னரே செய்ய வேண்டும். கமராவின் மென்பொருளைப் புதுப்பித்து, கடவுச்சொல்லை மாற்றி, இருபடி உறுதிப்படுத்தலை இயக்க வேண்டும். உறுதிப்படுத்தும் குறியீடு அவுஸ்திரேலியத் தொலைபேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக வருமாறு அமைந்திருந்தால், ஊரில் வேறு சிம் அட்டை போட்டவுடன் தமது கமராவுக்குள் தாமே நுழைய இயலாமற்போகும். மின்னஞ்சலுக்கு வருமாறு மாற்றிக்கொள்வது அல்லது உறுதிப்படுத்தும் செயலியைப் பயன்படுத்துவது இதனைத் தவிர்க்கும். பின்னர் தொலைபேசியின் வைஃபையை அணைத்துவிட்டு, தெருவில் நின்று கமராவைத் திறந்து பார்க்க வேண்டும். வீட்டு வைஃபையில் மட்டும் திறந்து வெளியிலிருந்து திறக்காத கமரா பயணத்தின்போது உதவாது.

ஊரிலிருந்து பார்க்கையில் காட்சி திறக்காவிட்டாலும் அசைவு அறிவிப்புகள் தொடர்ந்து வருமாயின் வீட்டுக் கமரா இயங்குகிறது. குறை பார்ப்பவரின் இணையத்தில் இருக்கக்கூடும்.

திறப்பு வைத்திருக்கும் அயலவர் அல்லது உறவினர் ஒருவருக்கு ரவுட்டரை மீண்டும் இயக்கும் முறையைக் காட்டிச் செல்வது நன்று. சுவர்ச் சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, முதலில் என்பிஎன் பெட்டியை இயக்கி, அதன் விளக்குகள் நிலைபெற்ற பின் ரவுட்டரை இயக்க வேண்டும். ரவுட்டரின் பின்புறத்திலுள்ள ஊசித்துளையை அழுத்தக் கூடாது. அழுத்தினால் வைஃபையின் பெயர், கடவுச்சொல் உட்பட அனைத்து அமைப்புகளும் அழிந்துவிடும். வீட்டில் தனித்திருக்கும் பெற்றோருக்கு உதவியாக, சரியான சுவிட்சுகளின்மேல் ‘1’, ‘2’ எனத் தமிழ்க் குறிப்புடன் ஒரு துண்டு ஒட்டி வைக்கலாம். தொலைபேசியில் பதற்றத்துடன் விளக்குவதைவிட அது எளிது.

வெளிநாட்டிலிருந்து 000 என்ற அவசர எண்ணை அழைத்தால் அவுஸ்திரேலிய அவசர சேவை கிடைக்காது. கமராவில் எவரேனும் வீட்டுக்குள் நுழைவது தெரிந்தால், இங்குள்ள ஒருவர் மூலமாகவே 000 அழைக்கப்பட வேண்டும். அதற்கான ஒருவரை முன்கூட்டியே தீர்மானித்து, அவரிடம் வீட்டு முகவரியை எழுதிக் கொடுத்துச் செல்ல வேண்டும். உள்ளூர்ப் பொலிஸ் நிலையத்தின் சாதாரண எண்ணை +61 என்ற குறியீட்டுடன் தொலைபேசியில் பதிந்துகொள்வதும் உதவும்.

அயலாரின் தனிமை

கமராவை நகர்த்தும்போது அதன் பார்வை அயலாரின் சாளரத்தையோ பின்வளவையோ நோக்காதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். ஒலிப்பதிவில் கூடுதல் கவனம் தேவை. நியூ சவுத் வேல்ஸின் 2007ஆம் ஆண்டுக் கண்காணிப்புக் கருவிகள் சட்டத்தின்படி, பிறரின் தனிப்பட்ட உரையாடலை அவர்களது சம்மதமின்றிப் பதிவது பொதுவாகக் குற்றமாகும். வேலியோரக் கமராவின் ஒலிவாங்கியை அணைத்துவிடுவதே பாதுகாப்பானது.

மோசடி அழைப்புகளும் உதவிக்கான எண்களும்

இணையம் தடைப்படும் நாட்களில், என்பிஎன் நிறுவனத்திலிருந்து பேசுவதாகக் கூறி, கணினியையோ தொலைபேசியையோ தொலைவிலிருந்து இயக்க அனுமதி கேட்கும் அழைப்புகள் வருவதுண்டு. என்பிஎன் நிறுவனம் அவ்வாறு கேட்பதில்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு, மாதாந்தக் கட்டணச் சீட்டில் உள்ள எண்ணுக்குத் தாமே அழைத்துக் கேட்க வேண்டும். தமிழ் மட்டும் பேசும் மூத்தோருக்கு இதனை வீட்டிலுள்ளோர் முன்கூட்டியே விளக்கியிருக்க வேண்டும், ‘இணையம் சரியில்லையா?’ என்ற கேள்வி அன்று உண்மையாகவே இருப்பதால் அவர்கள் எளிதில் நம்பிவிடுவர்.

குறை சேவை வழங்குநரின் பக்கம் இருந்தால் முதலில் அவர்களிடமே முறையிட்டு, முறைப்பாட்டு எண்ணைப் பெற்றுக்கொள்ள வேண்டும். அறுபட்ட நேரங்களைக் குறித்த தாள் இங்கே பெரிதும் பயன்படும். தீர்வு கிடைக்காவிடின் தொலைத்தொடர்புத் துறைக் குறைகேள் அதிகாரியை 1800 062 058 என்ற எண்ணில் நாடலாம், இச்சேவைக்குக் கட்டணமில்லை. ஆங்கிலத்தில் பேசத் தயங்குவோர் 131 450 என்ற எண்ணில் மொழிபெயர்ப்பு மற்றும் உரைபெயர்ப்புச் சேவையை அழைத்து, ‘தமிழ்’ எனக் கூறி, தாம் பேச விரும்பும் அலுவலகத்தின் எண்ணைத் தெரிவித்தால் உரைபெயர்ப்பாளர் மூலம் இணைக்கப்படுவர்.

உயிருக்கு ஆபத்து அல்லது குற்றம் நிகழ்ந்துகொண்டிருக்கும் வேளையில் 000. திருட்டு நடந்து முடிந்த பின்னர் தெரியவந்தால், பொலிஸ் உதவி எண் 131 444. நினைவக அட்டையைக் கழற்றிப் பத்திரப்படுத்திய பின்னரே கமராவின் மின்சாரத்தையோ அமைப்புகளையோ தொட வேண்டும்.